கடுகு டியூபின் வாய்

வியாழக்கிழமை என்றால் பட்டாணி சூப். வடக்கே பனிநாட்டுச் சிற்றூரான ஹாபலாக்ஸோவில் இதைப் பற்றி யாரும் யோசித்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அதுதான், முதியோர் இல்லத்தில் அதுதான், ஏரிக்கரையில் இருக்கும் தீயணைப்புத் தொண்டர் படையின் கொட்டகையிலும் அதுதான். ஐந்தரைக்கு சூப், ஆறரைக்குப் பயிற்சி. பன்றி இறைச்சித் துண்டுகள் மிதக்கும் மஞ்சள் சூப்பின் நடுவில் கடுகு விழுதை ஒரு சுழி பிழிந்து, கறுத்த ரை ரொட்டியில் வெண்ணெய் தடவி, பேசாமல் சாப்பிடுவார்கள். யாராவது பேசினால் சூப் சரியில்லை என்று அர்த்தம்.

படையிலிருக்கும் தைமிக்கு மட்டும் ரொட்டி கிடையாது. கோதுமை, பார்லி, ரை, இந்த மூன்றில் எதன் துகள் உள்ளே போனாலும் அவள் குடல் கலகம் செய்யும். மருத்துவர்கள் அதற்கு சீலியாக் என்று பெயர் வைத்திருந்தார்கள். பதினோரு வருடமாக அவள் அதோடு குடித்தனம் நடத்தி வந்தாள். கடையில் எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் முன்பக்கத்தில் சிரிக்கும் குடும்பத்தைப் பார்க்க மாட்டாள். திருப்பிப் பொடி எழுத்தைப் படிப்பாள். அதுவரை கடுகில்லாமல் சூப் குடித்தவளுக்கென்று, புத்தாண்டிலிருந்து படையின் குளிர்பெட்டியில் ஒரு கடுகு டியூப் இருந்தது. அந்தத் தானியங்களில் இருக்கும் பசைப்புரதம் கிடையாது என்பதற்கு, முன்னாலும் பின்னாலும் ‘குளூட்டன் இல்லாதது’ என்று இரண்டு மொழிகளில் போட்டிருந்தது. சூப் பானையிலும் வம்பில்லை. அவளே இரண்டு முறை விசாரித்திருந்தாள்.

இருந்தும் ஜனவரி தொடங்கி, வியாழன் சூப் குடித்தால் வெள்ளிக்கிழமை அவள் கழிவறையில்தான்.

வாரத்தில் வேறு எந்த நாள் என்றாலும் இதை அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியிருப்பாள். பனி வாரும் வண்டி ஓட்டுகிறவள் அவள். காலை நான்கு மணிக்கு மைனஸ் இருபத்தைந்தில் தனியாகப் போய் மொத்த ஊருக்கும் வழி திறந்துவிடுகிறவளுக்கு வயிற்றுவலி பெரிய விஷயமில்லை. ஆனால் புகைக்குள் இறங்குகிறவர்களுக்கான தேர்வை நடத்த வட்டாரத்திலிருந்து வரும் அம்மாள் வெள்ளிக்கிழமைகளில்தான் வருவாள். முகமூடி, முதுகில் காற்று சிலிண்டர், இருபது கிலோ உடுப்பு. பதினான்கரை நிமிடத்துக்குள் கேன்களைச் சுமந்து நடந்து, படி ஏறி இறங்கி, சம்மட்டியால் லாரி டயரை அடித்து நகர்த்தி, தடைகளுக்கு அடியில் ஊர்ந்து, கடைசியில் தண்ணீர்க் குழாயைச் சுருட்டி முடிக்க வேண்டும். ஜனவரியில் தைமி படிகள் வரை பிரமாதமாகப் போனாள். படியிலிருந்து இறங்கியவள் டயர் பக்கம் திரும்பவில்லை. முகமூடியோடு, சிலிண்டரோடு, நேராகக் கழிவறைக்கு ஓடினாள்.

தேர்வு அம்மாள் குறிப்பேட்டில், ‘வழி மாறினார்’ என்று எழுதினாள்.

மறு வாய்ப்பு மார்ச் மூன்றாம் வெள்ளி. அதிலும் தவறினால் இலையுதிர் காலம்வரை தைமி முகமூடி போடக்கூடாது. அவள் போடாவிட்டால் கூட இறங்கும் ரோப்பேயும் நிஜத் தீயில் முகமூடி போட முடியாது. தனியாக யாரும் புகைக்குள் போகக்கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும், ஊரில் இருக்கும் ஒரே ஜோடி இவர்கள் இரண்டு பேர். அதாவது வீடு ஒன்று எரிந்தால், உள்ளே ஆள் இருந்தால், ஹாபலாக்ஸோ படை வாசலில் நின்று தண்ணீர் அடித்துக்கொண்டே நகரத்து வண்டிக்காக நாற்பது நிமிடம் காத்திருக்க வேண்டும்.

“கடுகு இல்லாம குடியேன்,” என்றார் படைத்தலைவர் என்சியோ. பகலில் அவர் பள்ளிக்கூடத்துப் பராமரிப்பாளர். எந்தச் சிக்கலையும் திருகாணி ஒன்றைக் கழற்றித் தீர்த்துவிடலாம் என்று நம்புகிறவர். “கடுகு இல்லாமப் போனா சூப் ஒண்ணும் அழுதுடாது.”

“டியூப்ல இல்லைன்னு போட்டிருக்கு,” என்றாள் தைமி. “என் வயிறு இருக்குன்னு சொல்லுது. ரெண்டுல ஏதோ ஒண்ணு பொய் சொல்லுது. பொய் சொல்றது என் வயிறுன்னா, அதைத் தூக்கிக்கிட்டு நான் புகைக்குள்ள வர மாட்டேன். எதுன்னு தெரிஞ்சாகணும்.”

“பரீட்சைப் பதற்றமா இருக்கும்,” என்றான் ரோப்பே. இருபத்தாறு வயது மின்வேலைக்காரன். “எங்க பெரியம்மாவுக்கு பரீட்சைன்னா மூக்குல ரத்தம் வரும். எழுபது வயசாச்சு. இன்னும் வருது.”

“உங்க பெரியம்மா எழுபது வயசுல என்ன பரீட்சை எழுதறா?”

“அதைத்தான் நாங்களும் கேக்கறோம்.”

மேசையின் கோடியில் சூலோ காலிக் கிண்ணங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்ற தபால்காரர், அறுபத்தெட்டு வயது. வயது பார்க்காமல் அவரையும் ‘வாப்பா, சூலோ’ என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஊர்தான் அது. புகைக்குள் போகிற வயது தாண்டிவிட்டதால் படையின் தட்டுமுட்டுச் சாமான்களுக்கெல்லாம் அவர் பொறுப்பு. குழாய்களைக் கழுவி, காய்வதற்காகக் கொட்டகைக் கோபுரத்தில் தொங்கவிடுவார். கோடாலிகளை உயர வாரியாக அடுக்குவார். லாரியின் சக்கர இடுக்கில் ஒட்டிய சேற்றைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் எடுப்பார். சாப்பிட்ட மேசையையும் அவர்தான் ஒழுங்கு செய்வார், யாரையும் விடமாட்டார். ஒருமுறை தேவாலயப் பாடகர் குழுவில் யாரோ, “சூலோ, கொஞ்சம் மெதுவாப் பாடலாமே,” என்று சொன்னதற்கு மூன்று வருடம் அந்தப் பக்கமே போகாதவர்.

தைமி விசாரணையைத் தொடங்கினாள்.

முதலில் கடுகு கம்பெனிக்கு எழுதினாள். நான்கு நாளில் பதில் வந்தது: எங்கள் கடுகு சோதிக்கப்பட்டது, இதோ சான்றிதழ், தங்கள் உடல்நலத்துக்கு வாழ்த்துகள். கூடவே இலவசமாக இரண்டு டியூபும், கடுகுப் பூ போட்ட ஒரு தொப்பியும். தொப்பியை ரோப்பே எடுத்துக்கொண்டான்.

அடுத்த வியாழன் கடுகு இல்லாமல் சூப் குடித்தாள். வெள்ளி அமைதி. ஆக, சூப்பின் மேல் பழி இல்லை.

அதற்கடுத்து, கம்பெனி அனுப்பிய டியூபை எல்லோர் முன்னிலையிலும் மூடியைத் திருகி, வெள்ளிக் காகிதத்தைக் குத்தித் திறந்து, பிழிந்தாள். வெள்ளி அமைதி. “பாத்தியா, பழைய டியூப்தான் கெட்டுப்போயிருக்கு,” என்றார் என்சியோ. அதே டியூபிலிருந்து அடுத்த வியாழனும் பிழிந்தாள். வெள்ளி, அதிகாலை ஐந்து மணிக்குப் பனி வண்டியைத் தேவாலயத்தின் முன் நிறுத்திவிட்டுப் பாதிரியார் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியதாயிற்று. பாவமன்னிப்பு கேட்க வந்திருக்கிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார். கேட்கிற நிலையில் அவள் இல்லை.

வீட்டில் இன்னொரு டியூபை வைத்து இரண்டு வாரம் தினமும் வேகவைத்த உருளைக்கிழங்கோடு தின்று பார்த்தாள். ஒன்றும் ஆகவில்லை. கடுகைப் பார்த்தாலே முகம் திரும்பியதுதான் மிச்சம்.

ஆக, கடுகு குற்றவாளி இல்லை. கொட்டகைக்கு வந்தால் முதல் வாரம் யோக்கியன், இரண்டாம் வாரம் அயோக்கியன். யாரோ அவள் டியூபில் கை வைக்கிறார்கள்.

யாரோ என்றால், கடுகுத் தொப்பி போட்டவன்தான்.

“நானா?” என்றான் ரோப்பே. “உன் கடுகை நான் எதுக்குத் தொடணும்? என்னோடது பெரிய டியூப். ரெண்டு மடங்கு காரம்.”

“ரொட்டித் தூள் விழுந்த கத்தியை டியூப் வாயில வெச்சு...”

“டியூபுக்கு எதுக்கு கத்தி? நான் என்ன காட்டுவாசியா?”

தைமி நம்பவில்லை. கம்பெனி கொடுத்த இரண்டாவது டியூபைத் திறந்தபோது ஒரு தகரப் பெட்டியும் சின்னப் பூட்டும் கொண்டுவந்தாள். பயிற்சி முடிந்ததும் டியூபைப் பெட்டியில் வைத்துப் பூட்டி, பெட்டியைக் குளிர்பெட்டியில் வைத்து, சாவியைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டாள்.

“தங்கத்தை அலமாரியில வெக்கிற ஊர்ல,” என்றான் ரோப்பே, “கடுகை லாக்கர்ல வெச்ச முதல் ஆளு நீதான்.”

அடுத்த வியாழன் பூட்டைத் திறந்து, அதே டியூபிலிருந்து பிழிந்து சாப்பிட்டாள். பயிற்சிக்குப் போனார்கள். தேர்வுக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்தது.

அன்று பார்வை இல்லாமல் ஆள் தேடும் பயிற்சி. முகமூடிக் கண்ணாடிகளின் மேல் கேக் தட்டில் விரிக்கும் மங்கலான காகிதத்தை ஒட்டிக்கொண்டு, சுவரைத் தடவித் தடவி, மயங்கிக் கிடப்பவரைக் கண்டுபிடித்து வெளியே இழுத்து வர வேண்டும். வழக்கமாக மயங்கிக் கிடக்கும் பொம்மையின் கால் பிய்ந்து தையலுக்குப் போயிருந்தது. தேர்வில் தேறும்வரை தைமி முகமூடி போடக்கூடாது என்பதால், “நீயே மயங்கிடு,” என்றார் என்சியோ. மயங்கினவர் வாயைத் திறக்கக்கூடாது, அசையக்கூடாது. படையின் பழைய விதி. தைமி சமையலறைக்குப் போய்ச் சுவரோர பெஞ்சின் அடியில் மல்லாந்து படுத்தாள்.

சூலோ மேசையை ஒழுங்கு செய்ய வந்தார். குனிந்து பெஞ்சுக்கு அடியில் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் போய்த் தன் கம்பளிக் கோட்டை எடுத்து வந்து அவள் மேல் போர்த்திவிட்டார். “தரை சில்லுன்னு இருக்கும்,” என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொல்லிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனார்.

கிண்ணங்களை அடுக்கினார். ரொட்டித் தட்டிலிருந்து கடைசியாக மிஞ்சிய ரை ரொட்டியின் கோடித் துண்டை எடுத்துக்கொண்டார். ரோப்பேயின் கடுகு டியூபை எடுத்து, அதன் வாயில் காய்ந்து ஒட்டியிருந்த கடுகை ரொட்டியின் ஓரத்தில் சுற்றிச் சுற்றித் துடைத்து, மூடியைத் திருகினார். என்சியோவின் டியூபுக்கும் அப்படியே. பிறகு தைமியின் டியூப். அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். மற்ற இரண்டையும்விடப் பொறுமையாக, வெளியே ஒரு சுற்று, உள்வாயில் ரொட்டியின் முனையைச் செருகி ஒரு சுற்று, மறுபடி வெளியே ஒரு சுற்று. மூடியை இறுக்கினார். அவள் பெட்டியின் பக்கத்தில், எழுத்து மேலே தெரியும்படி வைத்தார். பிறகு அந்த ரொட்டித் துண்டை வாயில் போட்டுக்கொண்டார்.

“சூலோ,” என்றாள் தைமி பெஞ்சுக்கு அடியிலிருந்து.

“நீ மயக்கத்துல இருக்க,” என்றார் சூலோ மென்றுகொண்டே.

“சூலோ, அந்த ரொட்டி...”

அதற்குள் ரோப்பே ஊர்ந்து வந்துவிட்டான். கை அவள் பூட்ஸைத் தொட்டது. “ஆள் கிடைச்சாச்சு,” என்று முகமூடிக்குள்ளிருந்து முழங்கினான்.

“விடுடா, நான் சூலோகிட்ட...”

“மயங்கினவங்க பேச மாட்டாங்க,” என்று சொல்லிவிட்டு இரண்டு கணுக்கால்களையும் பிடித்து இழுத்தான். சமையலறை வாசல், கூடம், லாரியின் பின்பக்கம் என்று சூலோவின் கம்பளிக் கோட்டோடு அவள் வழுக்கிக்கொண்டே வெளியே பனியில் போய்ச் சேர்ந்தாள். என்சியோ கடிகாரத்தை நிறுத்தினார். “ஆறு நிமிஷம். பரவாயில்ல. ஆனா ஆள் ரொம்பப் பேசுது.”

மறுநாள் வெள்ளி வழக்கம்போலத்தான் இருந்தது. ஆனால் கழிவறையில் உட்கார்ந்திருந்த தைமிக்கு இரண்டு மாதத்தில் முதல்முறையாக மனம் லேசாக இருந்தது. வயிறு பொய் சொல்லவில்லை. டியூபும் பொய் சொல்லவில்லை. பொய் சொல்லாத மூன்றாவது ஆள் ஒருவர் இருந்தார். அவரிடம் போய்ச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுதான் அவளை அன்று இரவு முழுவதும் தூங்கவிடவில்லை. புகைக்குள் போவது சுலபம். நாற்பது வருடமாக எல்லோருக்கும் டியூப் துடைத்துக் கொடுக்கிற மனுஷனிடம், ‘நீ துடைச்சதுதான் எனக்கு விஷம்’ என்று சொல்வது வேறு. அவர் மூன்று வருடம் வராமல் போனால் குழாய்களை யார் கழுவுவது? சொல்லாமல், டியூபைச் சாப்பிட்டவுடன் கையோடு பூட்டிவிட்டால் போதும்; ஒருவருக்கும் தெரியாது. ஆனால் பூட்டினால் சூலோ கேட்க மாட்டார், தன்னைச் சந்தேகப்படுகிறாள் என்று நினைத்துக்கொள்வார். அது அதைவிட மோசம்.

சனிக்கிழமை காலை கோட்டைத் திருப்பிக் கொடுக்கிற சாக்கில் குழாய்க் கோபுரத்துக்குப் போனாள். சூலோ கீழே நின்று கயிற்றின் கொக்கியில் குழாயை மாட்டிக்கொண்டிருந்தார்.

“கோட்டு,” என்றாள்.

“அங்க மாட்டு.”

மாட்டினாள். குழாயிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“ரை ரொட்டி நல்ல ரொட்டி,” என்றாள் தைமி.

“நல்ல ரொட்டிதான்.”

“எனக்குத்தான் ஆகாது.”

“தெரியுமே. அதனாலதான் உன் பக்கத்துல நான் தட்டு வைக்கறதில்ல.”

“தூள்கூட ஆகாது. கண்ணுக்குத் தெரியாத தூள்கூட.”

சூலோ கயிற்றை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். சொட்டிக்கொண்டிருந்தது. தைமி இனிச் சுற்றி வளைக்கக் கூடாது என்று முடிவு செய்தாள். “சூலோ, என் டியூபை நீ ரொட்டியில துடைக்கிற. அந்தத் தூள் டியூப் வாய்ல தங்கிடுது. அடுத்த வாரம் அதை நான் சாப்பிடறேன்.”

அவர் கயிற்றின் முடிச்சைப் போட்டார், அவிழ்த்தார், மறுபடி போட்டார்.

“ஜனவரியிலயும்?” என்றார்.

“ஜனவரியிலயும்.”

“அந்தப் படிக்கட்டு?”

“அதுவும்.”

“உன்னோடது விசேஷ டியூப்,” என்றார் சூலோ கடைசியில். “அதான் உள்பக்கமும் துடைச்சேன்.”

“பாத்தேன்.”

அவர் குழாயை மேலே இழுக்கத் தொடங்கினார். தைமி பையிலிருந்து காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்துப் படியில் வைத்தாள். சோள மாவும் உருளைக்கிழங்கு மாவும் சேர்த்து அவளே சுட்ட ரொட்டி. “துடைக்காதேன்னு சொல்ல வரல,” என்றாள். “இதுல துடை.” பதிலுக்கு நிற்காமல் போய்விட்டாள்.

வியாழன் வந்தது. சூலோ வருவாரா என்று தெரியாமல் தைமி ஐந்து மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ஐந்து இருபத்தெட்டுக்கு வந்தார். சூப் குடித்தார். தைமி புது டியூபைத் திறந்து பிழிந்தாள். எல்லோரும் எழுந்த பிறகு சூலோ கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார். காகிதத்தைப் பிரித்து மஞ்சள் ரொட்டியில் ஒரு துண்டு வெட்டினார். எல்லோரும் பார்க்கும்படி முதலில் அவள் டியூபைத் துடைத்தார், உள்ளும் புறமும். பிறகுதான் ரை ரொட்டியை எடுத்து மற்ற டியூப்களுக்குப் போனார்.

ரோப்பே அதைப் பார்த்தான், தைமியைப் பார்த்தான், தன் தொப்பியைக் கழற்றினான். “அப்போ நான் குற்றவாளி இல்ல.”

“இல்ல. மன்னிச்சுக்கோ.”

“மூணு வாரமா காட்டுவாசின்னு பேர் எடுத்திருக்கேன்.”

“அது நீயா வெச்சுக்கிட்ட பேரு.”

முதல் வாரம் எப்போதும் யோக்கியன்தான். உண்மையான சோதனை இரண்டாம் வாரம். இரண்டாம் வாரத்து வியாழனுக்கு மறுநாள்தான் தேர்வு.

அந்த வியாழன் மேசையில் எல்லோரும் பேசினார்கள். சூப் நன்றாகத்தான் இருந்தது.

“இன்னைக்கு மட்டும் வேண்டாம் தைமி,” என்றார் என்சியோ. “நாளைக்குப் பாஸ் பண்ணிட்டு, நாளன்னைக்கு வாளி நிறைய கடுகு தின்னு.”

“நான் போகப் போறது உன்கூடத்தானே,” என்றான் ரோப்பே. “கேக்கறேன், உனக்கே பயமா இல்லையா?”

“இருக்கு,” என்றாள் தைமி. “இன்னைக்கு விட்டா, நாளைக்குப் பாஸ் பண்ணினாலும் சூப்னா பயம் வரும். அப்புறம் சைரன் அடிச்சா, நேத்து என்ன தின்னேன்னு கணக்குப் பாத்துக்கிட்டு நிப்பேன். அந்த ஆள்கூட நீ புகைக்குள்ள போவியா?”

ரோப்பே யோசித்தான். “பிழி,” என்றான்.

டியூபை எடுத்து மூடியைத் திருகினாள். வாய் பளபளவென்றிருந்தது. ஒரு சுழி பிழிந்தாள். சூலோவின் கரண்டி பாதி வழியில் நின்றது. அதைப் பார்த்து இன்னொரு சுழி பிழிந்தாள். கிண்ணத்தை வழித்துக் குடித்துவிட்டுப் பயிற்சிக்குப் போனாள். சூலோவின் சூப் ஆறிப்போயிருந்தது.

வெள்ளி காலை பத்து மணி. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. தேர்வு அம்மாள் தன் பழைய குறிப்பேட்டைப் பிரித்தாள். கொட்டகையின் முற்றத்தில் கேன்கள், குழாய்க் கோபுரத்துப் படிகள், லாரி டயர், தடைகள் எல்லாம் தயார்.

கூடவே இன்னொன்றும் தயாராக இருந்தது. கோபுரத்துப் படியிலிருந்து கழிவறைக் கதவு வரை, முழங்கால் அளவு பனியில், ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. இரண்டு பக்கமும் சுவர்போல நேராகச் செதுக்கி, தரையைத் தேய்த்து, சறுக்காமல் இருக்க மணல் தூவியிருந்தது. சிலிண்டர் மாட்டிய ஆள் இடிக்காமல் ஓடுகிற அகலம். கோடியில் சூலோ மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். கழிவறைக் கதவு அரையடி திறந்திருந்தது.

“இது தேர்வில் சேர்த்தியா?” என்றாள் தேர்வு அம்மாள்.

“இல்ல,” என்றார் என்சியோ. “அது சூலோ.”

தைமி முகமூடியை இழுத்து மாட்டினாள். கடிகாரம் ஓடியது. கேன்களைத் தூக்கி நடந்தாள். படி ஏறினாள், இறங்கினாள். மறுபடி ஏறினாள், இறங்கினாள். கடைசிப் படியில் கால் வைத்தபோது பாதை அவளுக்கு நேர் எதிரே இருந்தது. சூலோ கதவை இன்னும் கொஞ்சம் திறந்தார். தைமி தன் வயிற்றைக் கேட்டாள். வயிறு ஒன்றும் சொல்லவில்லை. டயர் பக்கம் திரும்பினாள்.

டயரை அடித்தாள். ஊர்ந்தாள். விரல்கள் மரத்துப்போய்க் குழாயைச் சுருட்டி முடித்து, அதன் மேலேயே உட்கார்ந்தாள்.

“பதிமூணு நிமிஷம் நாற்பது விநாடி,” என்றாள் தேர்வு அம்மாள். எழுதினாள். இந்த முறை வழியைப் பற்றி எதுவும் எழுதவில்லை.

ரோப்பே அவள் முகமூடியைக் கழற்றிவிட்டான். முகம் வேகவைத்த பீட்ரூட்போல இருந்தது. “ஜோடி,” என்றான்.

“ஜோடி,” என்றாள்.

பிறகு எழுந்தாள். சூலோ இன்னும் கதவருகே நின்றிருந்தார். தைமி அந்தப் பாதையில் இறங்கி, இடமும் வலமும் இருந்த வெள்ளைச் சுவர்களுக்கு நடுவே, அவசரமில்லாமல் கடைசிவரை நடந்து போனாள்.

“வருதா?” என்றார் சூலோ.

“இல்ல. கை கழுவப் போறேன்.”

சூலோ கதவை முழுதாகத் திறந்துவிட்டார். அவள் உள்ளே போன பிறகு, வெளியிலிருந்து சொன்னார்: “அந்த உன் ரொட்டி.”

“அதுக்கென்ன?”

“ரெண்டு வாரமாத் தின்னு பாக்கறேன். அட்டை மாதிரி இருக்கு.”

“தெரியும்,” என்றாள் தைமி குழாயைத் திறந்தபடி.

“சுடறப்போ உப்பு கொஞ்சம் கூடப் போடு,” என்றார் சூலோ. மண்வெட்டியை எடுத்துக்கொண்டு, அவள் பூட்ஸ் பட்டுக் கலைந்த ஓரத்தைச் சரி செய்யக் குனிந்தார்.